சிப் வியாபாரமும் ஸ்கீம் கடிதமும்



நமது கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர் வந்து வெகு காலமாகிவிட்டது. தராசுக்கு அடுத்தபடியாக இன்று கல்லாவை ஒட்டி இருக்கும் சாமான் அதுதான். அதற்குள் இருக்கும் 'சிப்' என்கிற சில்லைப் பற்றி மளிகைக்காரரும் ஜவுளிக்காரரும் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க நான் வரவில்லை. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன் நான். அதையெல்லாம் இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் சொல்லட்டும். அந்தச் சிப்பை விற்றவர்கள் எப்படி விற்றார்கள், வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள் என்பதே இங்கே பாடம். முந்திரியும் பருப்பும் மொத்தமாக விற்று நாற்பது வருடமாகிறது. இந்தக் கதையைத் தேடிப் படிக்கப் படிக்க, வருடா வருடம் நமக்கு வரும் ஸ்கீம் கடிதங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அவற்றைப் படிக்கும் முறையை இதிலிருந்து கற்றுக்கொள்ள முடியும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

வாங்கியவர் போட்ட நிபந்தனை

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபேர்சைல்டு என்று ஒரு சிப் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்த ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் வெளியே வந்து 1968-ல் இன்டெல் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே ஃபேர்சைல்டில் விற்பனைப் பக்கம் இருந்த ஜெர்ரி சாண்டர்ஸ் சிலரோடு சேர்ந்து 1969-ல் ஏ.எம்.டி.யைத் தொடங்கினார். ஒரே மண்டியில் கணக்கு எழுதியவர்கள் எதிரெதிரே கடை போட்டது மாதிரிதான். இன்றுவரை வீட்டுக் கம்ப்யூட்டர், கடைக் கம்ப்யூட்டர் என்று எடுத்தால் இந்த இருவருடைய சரக்குதான் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது.

இருவரும் ஒரே வகைச் சரக்கை விற்க நேர்ந்ததற்குக் காரணம் ஐ.பி.எம். அந்தக் கம்பெனி 1981 ஆகஸ்டில் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்கு இன்டெலின் 8088 என்ற சிப்பைத் தேர்ந்தெடுத்தது. அப்போது ஐ.பி.எம். மிகப் பெரியது, இன்டெல் அதன் முன்னால் சிறியது. "உன் சரக்கு பிடித்திருக்கிறது. ஆனால் உன் ஒருவனை நம்பி நான் கடை நடத்த மாட்டேன். இதே சரக்கை இன்னொருவரும் செய்து தர வேண்டும்" என்பது ஐ.பி.எம். வைத்த நிபந்தனையின் சாரம். ஒரு தொழிற்சாலையில் தீப்பிடித்தாலோ, வேலைநிறுத்தம் வந்தாலோ, விலையைத் திடீரென்று ஏற்றினாலோ அடுத்த வாசல் ஒன்று திறந்திருக்க வேண்டும் அல்லவா? இதன்படி 1982-ல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்டெல் தன் வடிவமைப்பைக் கொடுத்தது, ஏ.எம்.டி. அதே சிப்பைச் செய்து விற்றது.

இதில் இன்டெலுக்கு நஷ்டம் என்று எண்ணிவிடக் கூடாது. கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்கள் ஒரு சிப் குடும்பத்துக்கென்று எழுதப்படுபவை. ஒரு பூட்டுக்கு வெட்டிய சாவி இன்னொரு பூட்டில் நுழையாது. ஐ.பி.எம். கம்ப்யூட்டர் பரவப் பரவ, அதற்கு எழுதப்பட்ட புரோகிராம்களும் பெருகின. இன்டெலின் பூட்டே உலகத்துப் பூட்டாகிவிட்டது. இரண்டு பேர் சப்ளை செய்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் பெரிய கம்பெனிகள் துணிந்து வாங்கின.

பூட்டு பரவியபின் இன்டெலுக்குப் பங்காளி தேவைப்படவில்லை. 1985-ல் 386 என்ற அடுத்த சிப்பைக் கொண்டுவந்தபோது அதைத் தானே தனியாகச் செய்வதென்று முடிவு செய்தது. ஐ.பி.எம். ஏன் வற்புறுத்தவில்லை? அதற்குள் ஐ.பி.எம். மாதிரியிலேயே கம்ப்யூட்டர் செய்யப் பல பேர் கிளம்பிவிட்டார்கள். காம்பாக் என்ற கம்பெனி 1986-ல் ஐ.பி.எம்.முக்கு முன்பே 386 போட்ட கம்ப்யூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. வாங்குபவர் ஒருவராக இருந்தபோது நிபந்தனை போட்டார். வாங்குபவர்கள் பலராகப் பிரிந்து, யார் முதலில் வாங்குவது என்று அவர்களே முந்திக்கொண்டபோது நிபந்தனை போட ஆள் இல்லை. சங்கம் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு இந்த ஒரு பத்தியைப் படித்துக் காட்டலாம்.

ஏ.எம்.டி. விடவில்லை. 1987-ல் மத்தியஸ்தத்துக்குப் போனது. இன்னொரு பக்கம் தன் ஆட்களை வைத்து 386-க்கு ஈடான சிப்பைத் தானே செய்து 1991-ல் விற்கத் தொடங்கியது. 1992-ல் மத்தியஸ்தர் ஏ.எம்.டி. பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதைக் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1994-ல். ஏழு வருட வழக்கு. அதற்குள் 486-ம் வந்து, பென்டியமும் வந்துவிட்டது. நீதி கிடைத்தபோது சரக்கு பழசாகியிருந்தது.

பொடி பாக்கெட்டின் மேல் மிளகாய் மண்டியின் பெயர்

386 என்ற எண்ணைத் தன் வியாபாரச் சின்னமாகக் காத்துக்கொள்ள இன்டெல் முயன்றது. 1991-ல் நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. வெறும் எண்ணை யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அதே வருடம் 'இன்டெல் இன்சைட்' விளம்பரம் தொடங்கியது. 1993-ல் வந்த சிப்புக்கு 586 என்று பெயரிடாமல் பென்டியம் என்று பெயரிட்டதும் இதனால்தான்.

இந்த விளம்பரத்தின் புதுமையை நாம் கவனிக்க வேண்டும். சாம்பார்ப் பொடி விற்பவர் தன் பாக்கெட்டின் மேல், உள்ளே இருப்பது இன்ன மண்டி மிளகாய் என்று அச்சடித்தால் எப்படி இருக்கும்? இன்டெல் அதைத்தான் செய்தது. கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனி தன் விளம்பரத்தில் இன்டெல் முத்திரையைப் போட்டால், அந்த விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுத்தது. அவர்கள் இன்டெலிடம் வாங்கிய சரக்கின் அளவை வைத்து அந்தத் தொகை கணக்கிடப்பட்டது. கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு விளம்பரம் மலிவாகக் கிடைத்தது. ஆனால் சில வருடங்களில், கடைக்கு வந்த வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் யார் செய்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே பென்டியம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். பொடிக்காரரின் பெயர் மங்கி, மிளகாய் மண்டியின் பெயர் நின்றது.

பெயர் வாங்கியதற்கு விலையும் கொடுக்க வேண்டி வந்தது. 1994-ல் வர்ஜீனியா மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய தன் ஆராய்ச்சியில் பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்டெல் முதலில், சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவருக்கு 27,000 வருடத்தில் ஒரு தடவைதான் இந்தத் தப்பு நேரும் என்றது. தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. ஐ.பி.எம். தன் கணக்கைப் போட்டு, 24 நாளைக்கு ஒரு தடவைகூட நேரலாம் என்று சொல்லி, டிசம்பர் 12-ம் தேதி அந்தக் கம்ப்யூட்டர்களை அனுப்புவதையே நிறுத்தியது. டிசம்பர் 20-ம் தேதி இன்டெல், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காகக் கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர்.

27,000 வருடமா, 24 நாளா என்று ஆராய்வது இன்ஜினீயர்கள் பாடு. எடைக்கல் தப்பு என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், எத்தனை கிராம் தப்பு என்று அவரிடம் வாதாடும் கடைக்காரர் நம்மில் எத்தனை பேர் பிழைத்திருக்கிறோம்? அன்று பல வருடம் போராடிப் பெற்ற பெயரை இன்டெல் காப்பாற்றிக்கொண்டது அந்த 47.5 கோடியால்தான் என்பது என் அபிப்பிராயம். 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில கோளாறாகி நின்றபோது, அவற்றுக்கு உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். பழைய அனுபவம் வீண் போகவில்லை போலும்.

சலித்துப் பிரிப்பது

சிப்புக்குள் தரம் பிரிக்கும் முறையைப் பார்த்தால் நம் தொழிலாட்களுக்குச் சிரிப்பு வரும். முந்திரியில் 240, 320 என்று எண் போடுகிறோம். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது. ஒரே தோட்டம், ஒரே வறுவல், ஒரே உடைப்பு. சலித்து எடுத்தபின் முழுப் பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, குருணைக்கு ஒரு விலை. சிப்பும் அப்படித்தான். தட்டு மாதிரி வட்டமான ஒரு சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்களை ஒரே நேரத்தில் செய்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் சோதித்து, வேகம் தாங்குவதற்கு உயர்ந்த எண், தாங்காததற்குக் குறைந்த எண், ஒரு பகுதி பழுதானால் அந்தப் பகுதியை அடைத்துவிட்டு இன்னும் குறைந்த எண் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 1991-ல் வந்த 486 எஸ்.எக்ஸ். என்ற சிப்பின் கதை வேறு. முழு 486-ல் கணிதத்துக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. குறைந்த விலைக்குக் கேட்டவர்களுக்காக, அந்தப் பகுதி வேலை செய்யாதபடி அடைத்து எஸ்.எக்ஸ். என்று விற்றார்கள். பிற்பாடு கணிதப் பகுதி வேண்டும் என்று வாடிக்கையாளர் வந்தால், 487 என்று ஒரு துணைச் சிப்பை விற்றார்கள். அந்தத் துணைச் சிப் உண்மையில் முழு 486-தான். அதைச் செருகியதும், முதலில் வாங்கிய சிப் தூங்கிவிடும். முழு முந்திரியை வேண்டுமென்றே உடைத்துப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, பிறகு வந்து கேட்டவருக்கு முழு முந்திரியை மறுபடியும் விற்றது போல. சட்டப்படி தவறில்லை; விலைக்கு ஏற்ற வாடிக்கையாளரைப் பிரிக்கும் தந்திரம் இது. நம் மண்டியில் இதைச் செய்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

முதல் ரூபாயிலிருந்து கழிவு

இனி வருவதுதான் நமக்கு முக்கியமான பகுதி. நிதானமாகப் படிக்கவும்.

1999-ல் ஏ.எம்.டி. அத்லான் என்ற சிப்பைக் கொண்டுவந்தது. 2000 மார்ச்சில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தை இன்டெலுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொட்டது. 2003-ல் 64 பிட் முறையைப் பழைய புரோகிராம்களும் ஓடும்படியாகக் கொண்டுவந்தது. மறு வருடம் இன்டெலே அந்த முறையைப் பின்பற்றியது. அதாவது சரக்கு நன்றாக இருந்தது, விலையும் ஒத்து வந்தது. அப்படியிருந்தும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் பல, கையில் எடுக்கத் தயங்கின. டெல் கம்பெனி 2006 வரை ஏ.எம்.டி. சரக்கைத் தொடவேயில்லை.

ஐரோப்பியக் கமிஷன் இதை விசாரித்து 2009 மே 13-ம் தேதி இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. கமிஷன் கண்டதாகச் சொன்னவை இவை: டெல்லுக்குக் கொடுத்த கழிவு, முழுச் சரக்கையும் இன்டெலிடமே வாங்க வேண்டும் என்பதன் பேரில். எச்.பி.க்கு, அலுவலக டெஸ்க்டாப் சிப்களில் குறைந்தது 95 சதவீதம் என்பதன் பேரில். ஜப்பானின் என்.இ.சி.க்கு 80 சதவீதம். ஜெர்மனியின் பெரிய சில்லறைக் கடைக் குழுமமான மீடியா சாட்டர்னுக்கு, இன்டெல் போட்ட கம்ப்யூட்டர்களை மட்டுமே விற்க வேண்டும் என்பதன் பேரில் பணம். கடைசியில் சொன்னது நம்மைப் போன்ற கடைக்காரருக்கு என்பதைக் கவனிக்கவும்.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏ.எம்.டி. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு 10 லட்சம் சிப்களை இலவசமாகத் தருவதாகச் சொன்னது. ஒரு பைசா வேண்டாம், எடுத்துக்கொள் என்றது. அந்தக் கம்பெனி 1,60,000 சிப்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வேண்டாம் என்றது. சும்மா கொடுத்த சரக்கை ஒரு வியாபாரி ஏன் வேண்டாம் என்கிறான்? அதற்குமேல் எடுத்தால், இன்டெலிடம் வாங்கும் பல லட்சம் சிப்களுக்கு வரும் கழிவு கைவிட்டுப் போகும்.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு கடிதத்தை மண்டிக்குக் கொண்டுவந்தார். பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். அந்த வகைச் சரக்கில் 95 சதவீதம் தங்களிடமே வாங்கினால், முதல் ரூபாயிலிருந்து மொத்தக் கொள்முதலுக்கும் 4 சதவீதம் கூடுதல் கழிவு என்று எழுதியிருந்தது. ஒரு பேச்சுக்கு, அந்த வகையில் மாதக் கொள்முதல் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பெரிய கம்பெனியிடமே எடுத்தால் கழிவு 40,000 ரூபாய்.

இப்போது புதிதாக ஒரு கம்பெனி நல்ல சரக்கோடு வருகிறது. ஒரு லட்சத்துக்கு மட்டும் அவர்களிடம் எடுத்துப் பார்க்கலாம் என்று கடைக்காரர் நினைக்கிறார். பெரிய கம்பெனியின் பங்கு 90 சதவீதமாக இறங்கிவிடுகிறது. நிபந்தனை உடைந்தது, 40,000-மும் போயிற்று. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்காக 40,000 நஷ்டம். அதை ஈடுகட்ட வேண்டுமானால் புதிய கம்பெனி 40 சதவீதம் கழிவு கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனி கொடுப்பது 4 சதவீதம். அதற்கு எதிரே நிற்கச் சிறியவருக்கு ஆகும் செலவு 40 சதவீதம்! அதே கடைக்காரர் 5 லட்சத்துக்குப் புதியவரிடம் எடுத்தால் நஷ்டம் அதே 40,000-தான். 8 சதவீதக் கழிவு போதும். ஆனால் பெயர் தெரியாத சரக்கை முதல் மாதமே 5 லட்சத்துக்கு யார் எடுப்பார்? ஆகவே புதியவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். சரக்கு மட்டம் என்பதால் நின்றவர் அல்லர்.

இதே 4 சதவீதத்தை வேறு விதமாகவும் எழுதலாம். மாதம் 8 லட்சத்துக்கு மேல் வாங்கும் தொகைக்கு மட்டும் 4 சதவீதம் என்று எழுதினால், ஒரு லட்சத்தை வெளியே எடுக்கும் கடைக்காரருக்கு நஷ்டம் 4,000-தான். புதியவர் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போட்டியில் நிற்கலாம். இரண்டு கடிதத்திலும் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது 4 சதவீதம் என்பதே. 'முதல் ரூபாயிலிருந்து' என்ற சொற்களும், 'இந்த வகைக் கொள்முதலில் இத்தனை சதவீதம்' என்ற சொற்களும்தான் வித்தியாசம். அளவுக்குக் கழிவு கொடுப்பது வியாபாரம். நூறு மூட்டை எடுப்பவருக்கு நானும்தான் குறைத்துக் கொடுக்கிறேன். பங்குக்குக் கழிவு கொடுப்பது வேறு சமாசாரம். அந்தப் பணம் உங்கள் கொள்முதலுக்குத் தரப்படுவது அன்று, அடுத்தவரிடம் வாங்காமல் இருப்பதற்குத் தரப்படுவது.

அந்தக் கடைக்காரரிடம் நான் சொன்னது ஒன்றுதான். கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுமுன் ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் வெளியே எடுத்தால் கை நஷ்டம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள் என்றேன். எழுதிப் பார்த்தவர், சதவீத நிபந்தனையை எடுத்துவிட்டு அளவு நிபந்தனையாக மாற்றித் தரும்படி ரெப்பிடம் கேட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போன ரெப், அரை சதவீதம் குறைத்து அளவு ஸ்கீமாக மாற்றிக்கொண்டு வந்தார். கேட்டால் கிடைக்காது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

சிப் வழக்கின் முடிவையும் சொல்லியாக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயமாகாது. ஜப்பானின் வணிகப் போட்டி ஆணையம் 2005-லும், தென் கொரியாவின் ஆணையம் 2008-லும் இன்டெலுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தன. ஏ.எம்.டி. தொடுத்த வழக்கை 2009 நவம்பரில் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமாதானம் செய்துகொண்டது. ஆனால் ஐரோப்பிய வழக்கில் 2022-ல் பொது நீதிமன்றம், கழிவு விஷயமான முடிவை ரத்து செய்தது. அதே திறமையுள்ள போட்டியாளரை அந்தக் கழிவு உண்மையிலேயே வெளியேற்றக் கூடியதா என்பதைக் கமிஷன் சரிவரக் கணக்கிட்டுக் காட்டவில்லை என்பது காரணம். 2024 அக்டோபரில் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏ.எம்.டி. போட்ட கம்ப்யூட்டர்களை நிறுத்திவைக்கவும் தாமதப்படுத்தவும் சில கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்த விஷயம் மட்டும் நின்றது. அதற்காக 2023-ல் கமிஷன் மறுபடி 37.6 கோடி யூரோ அபராதம் போட்டது. பதினைந்து வருடம் நீதிமன்றங்கள் வாதாடியதும் மேலே நாம் போட்ட அதே 40 சதவீத, 8 சதவீதக் கணக்கைப் பற்றித்தான்.

நம் நாட்டிலும் போட்டிச் சட்டம் 2002 இருக்கிறது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அதன் 4-வது பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20-ம் தேதி, ஐரோப்பிய அபராதத்துக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து. ஒரு தனிக் கடைக்காரர் அந்த வாசலுக்குப் போவது எளிதன்று. சங்கத்தின் மூலம் போகலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது.

கூலிக்கு அரைக்கும் மில்

பிறகு இன்டெல் வீழ்ந்ததா என்றால், பணத்தால் வீழ்த்த முடியாத இன்டெலைச் சரக்கு செய்யும் இடம் தடுமாற வைத்தது. தைவானில் 1987-ல் மோரிஸ் சாங் என்பவர் டி.எஸ்.எம்.சி. என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார். சொந்தப் பெயரில் ஒரு சிப்கூட விற்பதில்லை. யார் வடிவமைப்பைக் கொண்டுவந்தாலும் கூலிக்குச் செய்து தருவது. நம் ஊர் மாவு மில் மாதிரி. சொந்தமாக மாவு பாக்கெட் விற்கும் மில்லில் நம் மிளகாயைக் கொட்ட மனம் வருமா? விற்காத மில்லில் நம்பிக் கொட்டலாம். உலகத்துக் கம்பெனிகளெல்லாம் அங்கே கொட்டின. வேலை குவியக் குவிய அவர்கள் கையும் தேர்ந்தது.

ஏ.எம்.டி. 2009-ல் தன் தொழிற்சாலைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. அப்போது பலர் கேலி செய்தார்கள். 2014-ல் லிசா சூ தலைமைக்கு வந்தார். 2017-ல் ரைசன் சிப் வந்தது. 2019-ல் அதன் முக்கியப் பகுதியை டி.எஸ்.எம்.சி.யில் செய்யத் தொடங்கினார்கள். ஒரே பெரிய சிப்பாகச் செய்யாமல் சிறு சிறு துண்டுகளாகச் செய்து ஒட்டினார்கள். ஜவுளிக்காரர்களுக்கு இது உடனே விளங்கும்: துணியில் ஒரு இடத்தில் கறை இருந்தால், வேட்டியாகக் கிழித்தால் ஒரு வேட்டி போகும், கைக்குட்டையாகக் கிழித்தால் ஒரு கைக்குட்டைதான் போகும். இன்டெலோ சொந்த மில்லை நம்பியிருந்தது. அதன் 10 நானோமீட்டர் முறை வருடக் கணக்கில் தாமதமாகி, 2019-ல்தான் பெருமளவில் சந்தைக்கு வந்தது.

இன்னொரு தவறவிட்ட வியாபாரமும் உண்டு. ஐஃபோனுக்குச் சிப் செய்து தரும்படி ஆப்பிள் கேட்டபோது, ஆப்பிள் சொன்ன விலை தங்கள் அடக்க விலைக்கும் கீழே இருப்பதாகக் கணக்கிட்டு இன்டெல் மறுத்தது. அன்றைய தலைவர் பால் ஒடெலினி 2013-ல் பதவி விலகும் சமயத்தில் இதைச் சொன்னார்: அடக்க விலைக் கணக்கு தப்பு, விற்பனை அளவோ எல்லோரும் நினைத்ததைப் போல நூறு மடங்காயிற்று என்று. ஆப்பிள் பிறகு கம்ப்யூட்டருக்கும் தன் சிப்பைத் தானே வடிவமைத்து, 2020 நவம்பரில் எம்1 என்று கொண்டுவந்தது. செய்து கொடுத்தது டி.எஸ்.எம்.சி. 2024-ல் இன்டெலே தன் லேப்டாப் சிப் ஒன்றின் முக்கியப் பகுதியை டி.எஸ்.எம்.சி.யில் கூலிக்குக் கொடுத்துச் செய்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது.

கடைக்கு எதை வாங்குவது

இவ்வளவும் கேட்டபின், "அண்ணாச்சி, அப்போ எதைத்தான் வாங்குறது?" என்று யாராவது கேட்பார்கள். பில் போடவும் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதவும் இரண்டு பேர் சரக்கும் தாராளமாகப் போதும். இன்டெலில் 3, 5, 7, 9 என்று எண் வரும். ரைசனிலும் அதே 3, 5, 7, 9 தான், அடுத்த கடையின் எண்ணையே ஏ.எம்.டி. எடுத்து ஒட்டிக்கொண்டது. இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். பத்து வருடப் பழைய 7-ஐ விட இப்போது வரும் 3 வேகமாக வேலை செய்யும். தலைமுறை எண்ணைக் கேட்க வேண்டும். ஏ.எம்.டி.யும் இதில் யோக்கியமில்லை. 2022 கடைசியில் ரைசன் 5 7520யு என்று புது எண்ணோடு வந்த லேப்டாப் சிப்புக்குள் இருந்தது 2019-ல் வந்த சென் 2 வடிவமைப்பு. அந்த நான்கு இலக்கத்தில் மூன்றாவது இலக்கம் 2 என்பதுதான் அடையாளம். பழைய அரிசிக்குப் புதுச் சாக்கு.

ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்தால் இன்னொன்றையும் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க வேண்டுமானால் இன்டெலில் 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ இருப்பது நல்லது. சிப்பில் மிச்சமாகும் பணத்தில் எஸ்.எஸ்.டி.யும், மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ்.ஸும் வாங்கிப் போடுங்கள். தினமும் கடை சாத்துமுன் கணக்கைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள் பையனிடம்.